என் தம்பிக்கு ஒரு பக்கம்

என் தம்பி புவனேஸ்வரனைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு தீபாவளிக்கு முன்னால், விரைவுப் பேருந்து டிக்கெட் விற்கும் ஓர் இணையத்தளத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து, எல்லா டிக்கெட்டின் விலையையும் ஒரு வெள்ளி, அதாவது ஒரே ஒரு ரிங்கிட், ஆக்கிவிட்டான். மலேசியாவின் தெற்குக் கோடி ஜோகூரிலிருந்து வடக்கே அலோர்ஸ்டார் வரைக்கும் ஒரே வெள்ளி. கம்பெனிக்காரன் விழித்துக்கொண்டு மூடுவதற்குள் ஜனங்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பத்திரிகைகள் அவனுக்கு 'ஒரு வெள்ளி ஹேக்கர்' என்று பேர் வைத்தன. சில பேர் வீரன் என்றுகூட எழுதினார்கள். வீரனாவது மண்ணாங்கட்டியாவது! அந்த வாரம் பேருந்து நிலையத்தில் ஏற இடமில்லாமல் தள்ளுமுள்ளு ஆகி, ஒரு கர்ப்பிணிப் பெண் கீழே விழுந்தாள். அதையும் மனதில் வைத்துத்தான் நீதிபதி அவனை உள்ளே அனுப்பினார். நான் குறை சொல்லமாட்டேன்.

ஏன்டா இப்படிச் செய்தாய் என்று சிறையில் பார்க்கப் போனபோது கேட்டேன்.

"கதவு தொறக்குதான்னு பாத்தேன்கா. தொறந்துருச்சு."

அவ்வளவுதான் பதில். நாலு அறை விட்டிருப்பேன், நடுவில் கண்ணாடி இருந்தது.

மற்றதை நான் சொல்கிறேன், வேறு யாரும் சொல்லப்போவதில்லை. பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தான். அப்பா முனியாண்டி பால்மரம் சீவினார். தோட்டம் கைமாறி எங்களை வெளியே அனுப்பியதும் திகாம் பத்துவில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்தோம். அப்பா ஒரு பலகைத் தொழிற்சாலையில் காவலுக்குப் போனார். புவனேஸ் கரப்பான் பூச்சிக்குப் பயந்தவன். கோழிக் குழம்பில் உருளைக்கிழங்கை மட்டும் பொறுக்கித் தின்பான். ரோட்டில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து வீடு பூராவும் பிரித்துப் போடுவான், அம்மா துடைப்பத்தோடு துரத்துவாள். அம்மா போனபோது அவன் உள்ளே இருந்தான். சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான்.

வெளியே வந்தபின் கம்ப்யூட்டர் வேலை யார் கொடுப்பார்கள்? அவனும் கேட்கவில்லை. சுங்கைப் பட்டாணியில் ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது முதலாளியிடம், முட்டை லோரி ஓட்டப் போனான். தவுக்கேக்கு யார் பேரையும் ஃபோனில் தட்டிப் பார்க்கும் பழக்கம் இல்லை. முட்டை உடையாமல் போய்ச் சேர்ந்தால் சரி. பாலிங் பக்கம் ஒரு மினி மார்க்கெட்டில் முட்டை இறக்கப் போன இடத்தில்தான் உமாராணி கல்லாவில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பெண்ணை எனக்கு முதல் பார்வையிலேயே பிடித்தது. வளவள என்று பேச்சு இல்லை. என் தம்பியைப் பற்றி எல்லாம் தெரிந்துதான் பழகினாள்.

"ரெண்டாவது வாரமே தட்டிப் பாத்துட்டேன்கா," என்றாள் என்னிடம். "பயமாத்தான் இருந்துச்சு. ஆனா ஒடஞ்ச முட்டைய நாங்க பாக்குறதுக்கு முன்னாடி அவரே எடுத்துக் காட்டுவாரு. இப்படிப்பட்ட ஆளு எங்களுக்கு முட்டை போட்டதே இல்ல."

பெண் கேட்டு நானும் அப்பாவும் பாலிங் போனோம். உமாராணியின் அப்பா சுப்பிரமணியம் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். கோப்பி கொடுத்து உட்கார வைத்துப் பேசினார். கெட்ட மனிதர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

"தம்பி உள்ள போயிட்டு வந்தது எனக்குப் பிரச்சன இல்லம்மா. தண்டனைய அனுபவிச்சாச்சு, முடிஞ்சது. ஆனா அந்த இண்டர்நெட்டு பக்கம் இருக்குல்ல? கல்யாணக் கார்டுல மாப்பிள்ளை பேரப் போட்டா எங்க சொந்தக்காரன் அத்தன பேரும் தட்டுவானுங்க. எனக்கு இன்னொரு பொண்ணு இருக்கா. நான் பொய் சொல்லச் சொல்லல. அந்தப் பக்கத்த எடுக்க வைங்க. மறுநாளே நிச்சயத்த வச்சிக்கலாம்."

அந்தப் பக்கம் என்று அவர் சொன்னது, உலகத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று இருக்கும் ஓர் இணையக் கலைக்களஞ்சியத்தின் ஆங்கிலப் பக்கம். தம்பி சிறையில் இருந்த காலத்தில் முகம் தெரியாத எவனோ எழுதி வைத்தது. செய்தித்தாளில் வந்த துண்டெல்லாம் நாளாக நாளாக மறைந்துபோயிற்று. இது மட்டும் போகவில்லை. பேரைத் தட்டினால் முதலில் வந்து நிற்கும்.

புவனேஸ் அவர்களுக்கு எழுதினான். நான்தான் அந்த ஆள், தயவு செய்து எடுத்துவிடுங்கள் என்று. நீங்கள் கேட்பதால் மட்டும் எடுக்க முடியாது, ஒரு வாரம் எல்லாரும் பேசி முடிவு செய்வோம் என்று பதில் வந்தது. அவர்களிடம் ஒரு விதி இருந்தது. ஒருத்தன் ஒரே ஒரு சம்பவத்தால் மட்டும் அறியப்பட்டவனாக இருந்தால், அவனுக்குத் தனியாக வாழ்க்கை வரலாறு தேவையில்லை. அந்தச் சம்பவத்தைப் பற்றிய பக்கத்தில் ஒரு வரி போதும். இந்த விதியைப் பிடித்துக்கொண்டு யாரோ ஒரு நல்ல ஆத்மா எங்களுக்காக வாதாடியது. ஆணா பெண்ணா, எந்த நாடு என்றுகூடத் தெரியாது. 'இவர் ஒரு குற்றம் செய்தார். அதற்கு முன்னாலும் ஒன்றுமில்லை, பின்னாலும் ஒன்றுமில்லை. சாதாரண மனிதர். சாதாரண மனிதராக வாழ விட்டுவிடலாம்' என்று எழுதியிருந்தது.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் கேண்டீனில் உட்கார்ந்து ஃபோனில் அதைப் படித்தேன். என் தம்பி ஒன்றுமில்லாதவன் என்று ஒருத்தர் எழுதியதைப் படித்துக் கைதட்டிய ஒரே அக்காள் நானாகத்தான் இருப்பேன்.

வைத்திருக்க வேண்டும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். நாட்டின் கணினிக் குற்ற வரலாற்றில் முக்கியமான ஆளாம். முக்கியமான ஆள்! வீட்டுக் குழாயில் தண்ணீர் ஒழுகினால் துணி சுற்றி வைக்கிற ஆள். ஆனாலும் எடுக்கலாம் என்ற பக்கமே கை ஓங்கி இருந்தது. உமாராணி புடவை எல்லாம் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் வேலைக்குப் போயிருந்தேன். வீட்டில் அப்பாவும் அவனும் சாப்பிட உட்கார்ந்தபோது, அந்தப் பக்கத்தைப் பற்றி என்னதான் பேசுகிறார்கள் என்று அப்பா கேட்டிருக்கிறார். இவனும் விவரமாகச் சொல்லியிருக்கிறான். அந்த ஒரு தப்பைத் தவிர நான் வேறு எதுவும் செய்யாதவன், பெரிய ஆள் இல்லை, அதனால் எடுத்துவிடலாம் என்கிறார்கள் என்று.

"வேற ஒன்னுமே பண்ணாதவன்னா எழுதிருக்கான்?"

"அதான்பா நமக்கு நல்லது."

"எதுடா நல்லது? என் மவன் திருடுனதத் தவிர ஒன்னும் பண்ணலன்னு ஊரெல்லாம் படிக்கிறது நல்லதா?"

பாதிச் சோற்றில் கை கழுவி எழுந்துவிட்டார். தம்பி இதை எனக்குச் சொன்னபோது கிழவருக்கு ரோஷம், ரெண்டு நாளில் ஆறிவிடும் என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டோம்.

நம் ஆட்களுக்கு இந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர் வரவில்லையா, பிள்ளைக்கு அடையாள அட்டை கிடைக்கவில்லையா, கோயில் நிலத்துக்குப் பிரச்சினையா, உடனே தமிழ்ப் பத்திரிகை நிருபரைக் கூப்பிட வேண்டும். கோயில் தலைவர் நடுவில் நிற்பார். பாதிக்கப்பட்டவர் கையில் ஒரு காகிதத்தைப் பிடிப்பார். சுற்றி நிற்கும் எல்லாரும் அந்தக் காகிதத்தை விரலால் சுட்டிக்காட்டிக்கொண்டு முறைப்பார்கள். படம் எடுத்தாகிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்த மாதிரி. எங்கள் கோயில் தலைவர் அய்யாவு அண்ணனுக்கு இதில் கை தேர்ந்த அனுபவம். அப்பா நேரே அவரிடம் போய் அழுதிருக்கிறார்.

புதன்கிழமை கேண்டீனில் என்கூட வேலை செய்யும் நவமணி அக்கா பேப்பரை நீட்டி, "ஷாமளா, உன் அப்பா போட்டோ லா!" என்றாள்.

அரைப் பக்கம். கோயில் மண்டபத்தில் அப்பா, ஆறாம் வகுப்பு யூ.பி.எஸ்.ஆர் பரீட்சையில் தம்பி ஏழு ஏ வாங்கியபோது எடுத்த படத்தை நெஞ்சோடு பிடித்திருக்கிறார். மேசை நிறையக் கேடயங்கள். தேவாரப் போட்டி, பேச்சுப் போட்டி, அலோர்ஸ்டாரில் நடந்த ரோபோ போட்டி. அய்யாவு அண்ணன் விரல் நீட்டி நிற்கிறார். தலைப்பு கொட்டை எழுத்தில்: 'புவனேஸ்வரன் வெறும் குற்றவாளி அல்ல! தோட்டத்தில் பூத்த இளம் விஞ்ஞானி!' தோட்டம், வீடு, படிப்பு, அம்மா செத்தது, முட்டை லோரி என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தார்கள்.

வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வந்தேன். அய்யாவு அண்ணனும் அங்கேதான் உட்கார்ந்து பசியாறிக்கொண்டிருந்தார்.

"ஷாமளா, தம்பி பேரக் காப்பாத்திட்டோம் லா!"

"என்னண்ணே காப்பாத்துனீங்க? இவன் ஒன்னுமில்லாத ஆளுன்னாதாண்ணே அந்தப் பக்கத்த எடுப்பாங்க! நீங்க இவன விஞ்ஞானி ஆக்கி வச்சிருக்கீங்க!"

"ஒன்னுமில்லாத ஆளா? அப்படிச் சொல்றதுக்கு ஒரு அக்காவா நீ?" என்று அப்பா கத்தினார். "அவன் ஏழு ஏ எடுத்தப்ப தோட்டத்து மானேஜரு என் கையப் புடிச்சுக் குலுக்குனாரு. அதையும் அழிச்சிரணுமா? களவாணிங்கிறது மட்டும் மிஞ்சணுமா?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் என்னை இன்னும் எரித்தது. கையில் இருந்த சாப்பாட்டு டப்பாவைச் சுவரில் அடித்தேன். அப்போது புவனேஸ் லோரியை விட்டுவிட்டு வந்தான். பேப்பரை நின்றபடியே முழுதும் படித்தான்.

"நல்லா எழுதிருக்காங்கப்பா," என்றான்.

மறுநாளே எவனோ அந்தப் பேப்பரைக் கொண்டுபோய் விவாதத்தில் போட்டான். மிஷின் மொழிபெயர்ப்போடு. இவர் ஒரே சம்பவத்தால் அறியப்பட்டவர் அல்ல, சிறுவயதுச் சாதனைகள் உண்டு, சமூகத்தில் ஆதரவு உண்டு, முழு வாழ்க்கையையும் ஒரு தேசியப் பத்திரிகை எழுதியிருக்கிறது, ஆகவே வைக்கலாம். எடுக்கலாம் என்று சொன்னவர்கள் ஒவ்வொருவராகக் கட்சி மாறினார்கள். எங்களுக்காக வாதாடிய அந்த நல்ல ஆத்மாவும், வருத்தத்தோடு என் கருத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிவிட்டது.

எனக்குத் தாங்கவில்லை. தெரிந்த ஆங்கிலத்தில் நானே போய் எழுதினேன். நான் அவன் அக்காள், அவன் விஞ்ஞானி இல்லை, அந்த ரோபோ போட்டியில் மூணாவது இடம்தான், அதுவும் குழுவாகப் போனது, எங்களை விட்டுவிடுங்கள் என்று. ஒருத்தர் மரியாதையாகப் பதில் போட்டார். குடும்பத்தினர் கருத்தை முடிவுக்கு எடுத்துக்கொள்ள முடியாதாம், ஆனால் தகவலுக்கு மிக்க நன்றியாம். போய்ப் பார்த்தால் பக்கத்தில் 'மூன்றாம் இடம்' என்று திருத்தி வைத்திருந்தார்கள். அடப்பாவிகளா!

வாரம் முடிந்தது. பக்கம் இருக்கட்டும் என்று தீர்ப்பு. முன்பு பத்து வரி இருந்த இடத்தில் இப்போது இளமைக்காலம், கல்வி, குற்றம், விடுதலைக்குப் பின் என்று தலைப்புப் போட்டு நீண்டு கிடந்தது.

சுப்பிரமணியம் எனக்குத்தான் ஃபோன் செய்தார். "மன்னிச்சிரும்மா. பேப்பர்ல வந்ததும் எங்க பக்கத்துல இருந்தே ஆளுங்க கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. நானும் கல்லு இல்ல. ஆனா முடியாது." ஃபோனை வைத்துவிட்டார். உமாராணி அப்பாவை எதிர்த்துச் சண்டை போட்டாள், சாப்பிடாமல் கிடந்தாள். கடைசியில் தங்கையின் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டாள். அவளையும் நான் குறை சொல்லமாட்டேன். புவனேஸ் தவுக்கேயிடம் கேட்டுப் பாலிங் பக்கம் போவதை விட்டுவிட்டு, கூலிம் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டான். அதைப் பற்றி நான் கேட்டால் எழுந்து போய்விடுவான்.

அப்பாவிடம் என்ன சொல்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. பெண் வீட்டில் ஜாதகம் பொருந்தவில்லை என்று தம்பி சொல்லிவிட்டான். நல்லதும் ஏறிவிட்டால் அந்தப் பக்கம் தடையாகாது என்று நினைத்திருந்த அவரும் நம்பிவிட்டார். போன சனிக்கிழமை சாயங்காலம் அவன் ஓய்வாக இருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அந்தப் பக்கத்துல இப்ப எல்லாம் போட்டுட்டானுங்களாமே. அய்யாவு சொன்னாரு. என்னைப் பத்தி இருக்கா?"

புவனேஸ் ஃபோனை எடுத்துக் காட்டினான். "இங்க பாருங்கப்பா. 'இவருடைய தகப்பனார் முனியாண்டி, பாடாங் மேஹாவில் பால்மரம் சீவியவர்.'"

அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை வெகுநேரம் பார்த்தார். ஆயுசில் அவரைப் பற்றி யாரும் எதுவும் எழுதியதில்லை. விரலை வைத்துத் தடவினார். பக்கம் மேலே ஓடிவிட்டது.

"ஐயோ, போயிருச்சே! அழிச்சிட்டேனா?" என்று பதறினார்.

"இல்லப்பா," என்றான் என் தம்பி. "அது எங்கயும் போகாது."