கத்தியை மட்டும் கையில் வைத்துக்கொண்டேன்

அவர் மலையில், நான் டெல்லியில். கல்யாணமானதிலிருந்து இப்படித்தான். போடிக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் அவர் சூப்பர்வைசர்; எனக்கு இங்கே ஆபீஸ் வேலை. பார்க்கிறவர்கள் எல்லாம் "யாராவது ஒருத்தர் வேலையை விடலாமே" என்பார்கள். யார் விடுவது என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

அந்த முறை அவருக்கு மூன்று நாள் லீவு கிடைத்தது. தோட்டத்துக்கு மேலே, ஓடையை ஒட்டிய மேட்டில் கூடாரம் போட்டு நாங்கள் இருவர் மட்டும் தங்குவதாக ஏற்பாடு. போனில் பேசினால் எப்போதும் அவர் பின்னால் யாராவது சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்கள். அவர் குரல் மட்டும் கேட்கிற ஓர் இடத்துக்கு நான் ஏங்கிப் போயிருந்தேன். கூடாரம், மடக்கு ரம்பம், சின்னக் கோடாலி எல்லாம் வாங்கினேன். கூடவே ஒரு காட்டுக் கத்தி. அதன் படத்தை அனுப்பியபோது, எதையும் கேட்டு வாங்கிப் பழகாத மனுஷன், "பிடி நல்லா இருக்கும்போல" என்றார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய ஆசை.

"எல்லாத்தையும் மூட்டையா கட்டிரு. கத்திய மட்டும் கையில வச்சுக்க," என்றும் சொன்னார்.

எங்கள் பக்கம் ஜீப்பில் மலையேறும்போது லோடு முழுக்க மேலே கட்டிவிடுவார்கள். வழியில் மரக்கிளை விழுந்து கிடந்தால் இறங்கி வெட்ட வேண்டும், அதனால் கத்தி மட்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். அவர் சொன்னது அந்த ஜீப்பை நினைத்து. அவர் விமானமே ஏறாதவர். எத்தனையோ தடவை ஏறி இறங்கிய நானோ, ரம்பத்துக்கும் கோடாலிக்கும் அட்டை சுற்றி, டேப் ஒட்டி, ஒழுங்காகப் பெரிய பையில் போட்டு அனுப்பிவிட்டு, கத்தியைத் தோள்பையில் வைத்துக்கொண்டு விமான நிலையச் சோதனைக்குப் போய் நின்றேன். டெல்லியில் மூட்டை கட்டும்போதே புத்தி போடிமெட்டு மலை வளைவில் ஏறிக்கொண்டிருந்தால் வேறென்ன ஆகும்?

திரையைப் பார்த்த பெண் காவலர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இது எதற்கு என்று இந்தியில் கேட்டார். காட்டுக்கு, புருஷனோடு, என்றேன். பக்கத்திலிருந்தவர் சிரித்தே விட்டார். கத்தியை விட்டுவிட்டு ஏறலாம், இல்லாவிட்டால் வெளியே போய் லக்கேஜில் போட்டு வரலாம் என்றார்கள். விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அவர் ஆசைப்பட்டதைக் குப்பைத் தொட்டியில் போட மனசு வரவில்லை. ஓடினேன். கவுண்டரை மூடியிருந்தார்கள். கெஞ்சிவிட்டுத் திரும்புவதற்குள் விமானத்தின் கதவையும் மூடிவிட்டார்கள்.

நாளைக்குத்தான் வருவேன் என்று போனில் சொன்னேன். "சரி, பத்திரமா வா," என்றார்.

மறுநாள் கத்தியையும் பெரிய பையில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினேன். போடி பஸ் ஸ்டாண்டில் அவர் ஜீப்போடு நின்றார். கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார்: தோட்டத்தில் பறித்த காய் குவிந்து கிடக்கிறது, உலர்த்துகிற ஸ்டோரில் ஆளில்லை, லீவு ரத்து. நேராக அங்கேதான் போக வேண்டும்.

போகிற வழியில், தோட்டத்து எல்லையில் ஜீப்பை நிறுத்தச் சொன்னார். "ஒரு நிமிசம் வந்து பாத்துட்டுப் போ," என்று என்னை மேலே கூட்டிப்போனார். ஓடைக்கரை மேட்டில் செடிகொடியெல்லாம் வெட்டிச் சுத்தமாக்கி, இரண்டு பேர் படுக்கிற அகலத்துக்குப் புல் பரப்பியிருந்தார். ஒரு பக்கம் மட்டும் அமுங்கியிருந்தது.

"நேத்து இங்கயா படுத்தீங்க?"

"லீவு போட்டாச்சு. வீட்டுல படுக்கப் பிடிக்கல."

ஒரு கத்தியைக் காப்பாற்றிவிட்டு அந்த ராத்திரியைத் தொலைத்திருக்கிறேன். கீழேயிருந்து டிரைவர், "அண்ணே, வெரசா வாங்க! சோலி கெடக்கு!" என்று கத்தினார். நான் அமுங்காத பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

"என்ன பண்ற? ஜீப்பு நிக்குது."

"நிக்கட்டும். நீங்களும் வாங்க."

கீழே ஒரு தடவை பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து படுத்தார்.

"நேத்து நட்சத்திரம் நெறைய இருந்துச்சு," என்றார்.

வெயிலில் கண் கூசியது. இரண்டு பேரும் மேலேயே பார்த்துக்கொண்டு கிடந்தோம்.