காரா, காலா?

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பாதி மறந்தும் போகிறது. மன்னியுங்கள்.

வீட்டுக்காரர் ஓட்டும் எங்கள் சின்னக் கார் மேடு ஏறும்போதெல்லாம் வெட்டி வெட்டி இழுத்தது. “வண்டிக்கு ஒண்ணுமில்லீங்கப்பா, உங்க கால்தான் நடுங்குது. சாவியை என்றகிட்டக் குடுத்துருங்க,” என்றான் பனியன் கம்பெனி வைத்திருக்கும் என் மகன். எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. காரில் உட்கார்ந்தால் வீட்டுக்காரர் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கடைசியாக ஒருமுறை மெக்கானிக்கிடம் காட்டச் சொன்னார் அவர். மூவரும் போனோம். மெக்கானிக் தானே ஓட்டிப் பார்த்தார். “என்ற காலுக்கும் இப்படித்தானுங்க வெட்டுது. பெட்ரோல் சரியா வரலீங்க,” என்றார். பணம் பறிக்கப் பார்க்கிறாரோ என்று நான் பக்கத்திலேயே நின்றேன். டேங்கிலிருந்து பம்பை எடுத்தார். அதன் சல்லடை முழுக்க வெள்ளை நூல்.

“டேங்க் மூடிக்குப் பதிலா பனியன் வேஸ்ட் துணியைத் திணிச்சது யாருங்க?”

மகன் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தான். மூடி தொலைந்த அன்று திணித்தது அவன்தான். அவனை வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சரிசெய்த வண்டியை அவரே ஓட்டி வந்தார். மேட்டில் வெட்டாமல் ஏறியது.

“இனியாவது ரோட்டைப் பாரு புள்ள,” என்றார்.

நான் காலைப் பார்த்தது அவருக்கு இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது.

பம்பு, சல்லடை என்று எழுதியது சரிதானா, தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள்.