தலை தூக்கும் பரீட்சை

பாட்டில் மூடியைக் கடைவாயில் வைத்து ஒரே திருகு. மூடியைத் துப்பிவிட்டு, ஓரத்தில் கசிந்ததைச் சுட்டுவிரலால் தொட்டு நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். "சரக்கு சுத்தம்" என்பார். பாட்டிலில் இருப்பது பூச்சிமருந்து. வயல் வயலாகப் போய் அதைத் தெளிக்கும் கூலிக்காரர். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் பல்லுச்சாவி. அதையும் பட்டம் என்று நினைத்து மீசையைத் தடவிக்கொள்கிறவரிடம் என்ன சொல்வது?

முகமூடி கொடுத்தால் முழங்கால் வலிக்குக் கட்டிக்கொள்வார். கையுறையில் தக்காளி போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். காற்றுக்கு எதிரே நின்றுதான் அடிப்பார். முதுகு காட்டுவது கோழைத்தனமாம். "ஒடம்புக்குப் பழகிருச்சு. என்னைக் கண்டாலே பூச்சி ஓடும்!"

"ஓடுற பூச்சிக்கு இருக்கிற புத்தி உங்களுக்கு இல்லையே" என்பாள் மனைவி.

போன வாரம் தெளிப்பானின் நுனி அடைத்துக்கொண்டது. கம்பியால் குத்தலாம், தண்ணீரில் அலசலாம். பல்லுச்சாவி வாயில் வைத்து ஊதினார். போதாதென்று உறிஞ்சியும் பார்த்தார். வரப்பில் சாய்ந்தவரைத் தூக்கி வந்தபோது வாயில் நுரை, சட்டையெல்லாம் வியர்வை, கண்மணி கடுகைவிடச் சின்னது, தொடைச்சதை தன்பாட்டுக்குத் துடித்தது. கால்சட்டையும் நனைந்திருந்தது. அதை மட்டும் அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை, டேங்க் ஒழுகியதாம்.

ஆஸ்பத்திரியில் துணியை உரித்து, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். நெஞ்சில் கொப்பளித்த சளி வற்றும்வரை அட்ரோபின் என்ற விஷமுறிவு ஊசி ஏற்றினார்கள். சளி வற்றியது, கூடவே கொஞ்சநஞ்ச அறிவும். குளுக்கோஸ் மாட்டிய கம்பத்தைக் கூட்டாளி என்று நினைத்து, "சும்மா நிக்கிறியே, தண்ணி மொண்டு ஊத்துடா" என்று விரட்டினார். வார்டே சிரித்தது. மனைவியும் சிரித்தாள், புறங்கையால் கண்ணைத் துடைத்தபடி.

தெளிந்ததும் பழைய பேச்சு. "எனக்கு ஒண்ணுமில்ல. வயல்ல வேலை கெடக்கு."

காலையும் மாலையும் நர்ஸ் வந்து, "தலையணையை விட்டுத் தலையைத் தூக்குங்கண்ணே" என்பாள். விஷம் அடங்கிய பிறகும் சிலருக்குக் கழுத்து தளருமாம், அடுத்தது மூச்சு. "வீட்ல வச்சு மூச்சு நின்னா, இங்க கொண்டுவர நேரம் இருக்காதுக்கா" என்று மனைவியிடம் தனியாகச் சொல்லியிருந்தாள்.

பல்லுச்சாவிக்கு அது கூத்து. "இதெல்லாம் ஒரு பரீட்சையாம்மா? கைக்கொழந்தகூடத் தூக்கும்!"

இன்று டாக்டரே வந்தார். "தூக்குங்க பாப்போம். தூக்கிட்டா வீட்டுக்குப் போகலாம்."

தலை எழும்பியது. கொஞ்சம் கோணல்தான், ஆனாலும் எழும்பியது. "பாத்தீங்களா?" என்ற குரல் மூக்கால் வந்தது. டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார்.

மனைவி மட்டும் தலைமாட்டில் நின்றிருந்தாள். போர்வையோரமாக அவருடைய இடதுகை பிடரிக்கு அடியில் போயிருந்தது. வெளுத்துப்போன விரல்கள் தலைக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தன. திருட்டுத்தனத்தில்கூட ஒரு நேர்த்தி கிடையாது இந்த மனுஷனுக்கு. அவர் அவளைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார், சொல்லிவிடாதே என்று.

அவள் குனிந்து அந்தக் கையை இழுத்தெடுத்தாள். சரிந்த தலைக்குத் தன் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, வார்டே திரும்பும்படி, "டாக்டர்!" என்று கத்தினாள்.