பன்னிரண்டு துளி ரத்தம்

போன ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் ஓர் ஓவியக் கண்காட்சி. திறந்து வைத்தது சாட்சாத் அடியேன். இடம்? கல்யாண மண்டபம். கலைக்கு நம் ஊரில் கிடைப்பது முகூர்த்தம் இல்லாத நாட்கள்தானே... டி.வி.யில் சினிமா போடுகிற சாயங்காலம். ஆனாலும் நல்ல கூட்டம்!

வரைந்தவர் நூர்ஜஹான். கோட்டக்குப்பத்துப் பெண், திண்டிவனத்தில் ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறார். மைக்ராஸ்கோப்பில் தெரியும் ரத்தத் துளிகளை ஆளுயரத்துக்கு வரைந்திருந்தார். இரண்டு வருட உழைப்பு. பன்னிரண்டு படங்கள், பெயர் கிடையாது, நம்பர் மட்டும்.

“மைக்ராஸ்கோப்புக்குள்ள பார்த்துக்கினு இருந்தா, தொழுகையில இருக்கிற மாதிரி மனசு அடங்கிடுது சார்” என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? காணையிலிருந்து வந்த கரும்பு விவசாயி ஒருவர் இது என்ன படம் என்று கேட்க, குண்டலினிச் சக்கரம் என்று அடித்துவிட்டேன். மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். நூர்ஜஹானுக்குப் பொறுக்கவில்லை. பொய் வேண்டாம் சார் என்று என்னை அடக்கிவிட்டு, அது வெறும் ரத்தம் என்று போட்டு உடைத்தார்.

மண்டபத்து முதலாளி காதில் அது விழுந்தது. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை வியாபாரி; சகுனம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார்.

“பொண்ணு மாப்பிள்ளை உக்கார்ற எடத்துல ரத்தமா? ஜல்தியா கழட்டும்மா.”

மூன்று நாள் கண்காட்சி மூன்றே மணி நேரத்தில் மூட்டை கட்டுவதா? என் வாயால் வந்த வினை. எனக்கு வெட்கமாக இருந்தது. நூர்ஜஹானோ அசரவில்லை.

“போன வருஷம் காய்ச்சல்னு ரத்தம் குடுத்தீங்களே... இதுல ஒண்ணு உங்களுதுங்க.”

முதலாளி மூக்குக்கண்ணாடியை மாட்டினார். சாமி படம் என்றிருந்தால்கூட அவ்வளவு கிட்டே போயிருக்க மாட்டார் — ஒன்று முதல் பன்னிரண்டு வரை மூக்கு உரசப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, தன்னுடையது மட்டும் இருக்கட்டும், மற்றதை எடுத்துவிடலாம் என்றார். எது தன்னுடையது என்றும் கேட்டார்.

“மண்டபம் பெருக்குற அஞ்சலை அக்காளோடதும் இருக்குதுங்க. யாருது எதுன்னு நான் குறிச்சி வைக்கல. நீங்களே பார்த்துச் சொல்லுங்க.”

துடைப்பத்தோடு நின்ற அஞ்சலையும் ஆவலாக எட்டிப் பார்த்தார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வெகுநேரம் தேடினார்கள். விஞ்ஞானமும் வேதாந்தமும் ஆயிரம் பக்கத்தில் சொல்கிற சங்கதி... நூர்ஜஹான் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்!

மூன்று நாளும் ஒரு படம்கூடக் கீழே இறங்கவில்லை. முதலாளி எப்படி இறக்குவார்? தப்பித்தவறி அது அவருடையதாக இருந்துவிட்டால்?