டார்லீனின் துப்பாக்கியும் என் ஸ்டிக்கர் பொட்டும்

போன சனிக்கிழமை. விடிந்தும் விடியாத நேரம். டமால்... டமால்! பின்பக்க வேலிக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு வெடிச் சத்தம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "ரெண்டு... ரெண்டாவதும் போயிடுச்சு, நிக்கலை" என்றார். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடி படுத்துவிட்டார். முகத்தில் ஒரு சிரிப்பு வேறு!

துப்பாக்கிச் சத்தம் கேட்டுச் சிரிக்கிற ஆளா அவர்? சுத்த சைவம். கரப்பான் பூச்சியைக்கூடப் பேப்பரில் ஏந்திக்கொண்டுபோய் வெளியே விட்டுவிட்டு வருகிறவர். அப்புறம் என்ன சிரிப்பு? சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், டெக்சாஸில், பிளானோ என்ற ஊரின் வடக்கு ஓரம். எங்கள் வேலியோடு ஊர் முடிந்துவிடும். அதற்கப்புறம் மேய்ச்சல் நிலம். நிலத்தின் சொந்தக்காரர் டார்லீன் — எழுபதைத் தொடும் வயசு, தனி ஆள், முப்பது செம்மறி ஆடுகள். நான் வேலிக்கு மேலே சாம்பார் கொடுப்பேன், அவர் முட்டை கொடுப்பார். சாம்பாரை சூப் என்று நினைத்துக் குடிக்கிறார். நானும் திருத்தவில்லை.

என் வீட்டுக்காரர் பெயர் சிவராமன். டார்லீனுக்கு அவர் 'ஷீவா'. பக்கத்து ஊர் ரிச்சர்ட்சனில் ஒரு டெலிபோன் கம்பெனியில் டெஸ்ட் இன்ஜினீயர். மற்றவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த மெஷினை எப்படியாவது மக்கர் பண்ண வைத்து, "இங்கே பாருங்க, நின்னுடுச்சு" என்று காட்டுவதுதான் அவர் வேலை.

தமிழ்க் குடும்பங்கள் ஆளுக்கொன்று சமைத்துக்கொண்டு வந்து கூடும் பாட்லக்கில் யாராவது என்னைக் கேட்பார்கள். "உங்க ஹஸ்பெண்ட் என்ன பண்றார்?" ஒருத்தி வீட்டுக்காரர் கம்பெனி டைரக்டர். இன்னொருத்தி வீட்டுக்காரர் சொந்தமாக ஸ்டார்ட்-அப். நான் "டெஸ்டிங்..." என்று முணுமுணுத்துவிட்டு, தயிர்சாதம் இருக்கும் பக்கமாக நகர்ந்துவிடுவேன். வெட்கமா? ஆமாம், வெட்கம்தான். இப்போது ஒத்துக்கொள்வதில் என்ன?

ஆபீஸ் புத்தியை வீட்டுக்கும் கொண்டு வருவார். இந்தியன் கடையில் வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்ப்பார். 'தயவுசெய்து உடைக்காதீர்கள்' என்று கடைக்காரர் போர்டு எழுதி மாட்டிவிட்டார். அது ஊருக்கான போர்டு இல்லை, இவருக்கான போர்டு! மறதி என்பதும் கிடையாது. கல்யாணமாகிப் பதிமூன்று வருஷத்தில் கார் சாவியை ஒரு நாள் தேடியதில்லை. எனக்குத் தெரிந்து ஒரே ஒரு தடவைதான் ஒரு பொருளை மறந்திருக்கிறார். என்னைப் பெண் பார்க்க ஈரோட்டுக்கு வந்த அன்று, எங்கள் வீட்டில் குடையை.

சரி, டார்லீனுக்கு வருவோம்.

இந்த வசந்தத்தில் அவருடைய ஆடுகள் குட்டி போட்டன. கூடவே கயோட்டியும் வந்தது. நரிக்கும் ஓநாய்க்கும் நடுவில் ஒரு பிராணி. ஒரே வாரத்தில் மூன்று குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. டார்லீனிடம் பழைய துப்பாக்கி ஒன்று உண்டு. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கையால் போல்ட்டைப் பின்னால் இழுத்துத் தள்ளினால்தான் அடுத்த தோட்டா ஏறும். அவருக்கோ வலது கையில் ஆர்த்ரைட்டிஸ், விரல் மடங்காது. முதல் குண்டு தவறிவிட்டால் தீர்ந்தது கதை.

ஒரு நாள் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார். அவர் இங்கிலீஷில் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன். "இன்னும் ரெண்டு குட்டி போச்சுன்னா மகன் ஜெயிச்சுடுவான். ஆட்டையெல்லாம் வித்துட்டு ஹூஸ்டனுக்கு வந்துடுன்னு கூப்பிடறான். அவன் வீட்டு மாடி ரூம்ல உக்காந்து நான் என்ன பண்றது?"

அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "ஷீவா, செமி ஆட்டோமேட்டிக் ஒண்ணு பழசா வாங்கப் போறேன். அதுல அடுத்த தோட்டா தானா ஏறும். ஆனா நடுவுல சிக்கிக்கிட்டா என் கையால எடுக்க முடியாது. நீ மெஷினைக் கெடுக்கறவன்தானே? என்கூட வா."

கேட்டீர்களா? பன்னிரண்டு வருஷ அமெரிக்க வாழ்க்கையில் என் வீட்டுக்காரரின் வேலையைச் சரியாகப் புரிந்துகொண்ட முதல் ஆள், ஆடு மேய்க்கிற டார்லீன்தான்.

மூன்று பேரும் டார்லீனின் பிக்கப் டிரக்கில் போனோம். ஊருக்கு வெளியே ஒரு துப்பாக்கிக் கடை. பின்னாலேயே சுட்டுப் பார்க்கும் இடம். கடைக்காரர் பளபளவென்று ஒன்றை எடுத்து வந்தார். எண்ணெய் போட்டுத் துடைத்து... முகமே தெரிந்தது அதில்! படபடவென்று பத்து ரவுண்ட் சுட்டுக் காட்டினார். ஒரு திக்கல் இல்லை. "இதுவரைக்கும் ஒரு தடவைகூட ஜாம் ஆனதில்லை, மேடம்."

டார்லீன் பர்ஸைத் திறந்துவிட்டார். எனக்கும் திருப்திதான். "என்னங்க, நல்லாத்தானே இருக்குது?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பொண்ணு பாக்கற அன்னிக்கு எந்த வீட்டுல சண்டை போடுவாங்க?" என்றார் தமிழில். பிறகு கடைக்காரரிடம் திரும்பி, ரொம்ப மரியாதையாக ஆரம்பித்தார். "சார், இனிமே துடைக்காதீங்க. உங்க தோட்டா வேண்டாம், இவங்க டிரக்ல இருக்கறதைப் போடுங்க. இன்னொரு மேகசின் இருக்குமே, அதையும் கொண்டாங்க. நீங்க சுட வேண்டாம். இவங்க சுடட்டும்."

கடைக்காரர் முகம் சுருங்கியது. மேகசின் என்றால் தோட்டாக்களை அடுக்கும் சின்ன டப்பா. இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. "அடையாளம் வேணுமே... உன் ஹேண்ட்பேக்ல பொட்டு இருக்குதா?" என்று என் வீட்டுக்காரர் என்னைக் கேட்டார். இருந்தது. ஒன்றில் சிவப்புப் பொட்டு, ஒன்றில் பச்சைப் பொட்டு. டெக்சாஸ் துப்பாக்கிக்குப் பொட்டு வைத்துவிட்ட முதல் தமிழச்சி நானாகத்தான் இருப்பேன்!

டார்லீன் சுட்டார். பத்து... இருபது... முப்பது. முப்பத்தேழாவதில் நின்றுவிட்டது. சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியே வராமல் உள்ளேயே சிக்கிக்கொண்டது.

கடைக்காரர் வாங்கி ஒரே இழுப்பு. கூடு தெறித்து விழுந்தது. "ரெண்டே செகண்ட். எல்லாத் துப்பாக்கியிலயும் வர்றதுதான்."

திரும்பச் சுட்டார்கள். திரும்ப நின்றது. இந்த முறை கடைக்காரர் கையை நீட்ட, என் வீட்டுக்காரர் தடுத்துவிட்டார். "டார்லீன், நீங்க எடுங்க."

டார்லீன் இழுத்தார். விரல் வழுக்கியது. இன்னொரு முறை இழுத்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு இடது கையால் முயன்றார். அசையவில்லை.

"அந்த ரெண்டு செகண்ட் உங்க கைக்கு, சார். இவங்க கைக்கு இல்லை" என்றார் என் வீட்டுக்காரர். குரலை உயர்த்தவே இல்லை.

கடைக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். நல்ல மனுஷர். உள்ளே போய் இன்னொன்றைக் கொண்டு வந்தார். அதன் மரப்பிடி முழுக்கக் கீறல். யாரோ பண்ணைக்காரர் வருஷக்கணக்கில் டிரக்கில் போட்டு உருட்டியது. கூட வந்த மேகசின்கள் இரண்டுக்கும் பொட்டு இடம் மாறியது. டார்லீன் மறுபடி ஆரம்பித்தார். சிவப்புப் பொட்டில் இரண்டு தடவை தோட்டா ஏறாமல் நின்றது. பச்சையில் நிற்கவே இல்லை. மறுபடி சிவப்பைப் போட்டார், மறுபடி நின்றது. "துப்பாக்கி நல்லது. இந்த டப்பாதான் கோளாறு" என்று என் வீட்டுக்காரர் சிவப்பைத் தூக்கி ஓரமாக வைத்தார். கடைக்காரர் பதிலுக்குப் புதுசு ஒன்று கொடுத்தார். அதையும் பச்சையையும் மாற்றி மாற்றிப் போட்டு, துடைக்காமல், எண்ணெய் விடாமல், நூறு ரவுண்ட். நடுநடுவே டார்லீன் கைக்கு ஓய்வு. ஒன்றுகூடச் சிக்கவில்லை. டார்லீன் அதையே வாங்கிக்கொண்டார்.

"எங்கிட்ட வேலைக்கு வர்றியா?" என்றார் கடைக்காரர். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு உறுத்தல். "ஒரு உசுரைச் சுடத் துணை போயிட்டமே, உங்களுக்கு இது பாவமாத் தெரியலீங்களா?" என்றேன். "தெரியுது. ஆனா அந்தம்மா ஹூஸ்டன் மாடியில உக்காந்திருக்கறதும் பாவமாத்தான் தெரியுது" என்றார்.

இப்போது போன சனிக்கிழமைக்கு வருவோம். அந்த இரண்டு சத்தம் கேட்டுப் பத்து நிமிஷத்தில் டார்லீனின் போன். "ஷீவாகிட்டச் சொல்லு. முதல்ல சுட்டது தவறிடுச்சு. ரெண்டாவது தவறலை. குட்டி எல்லாம் பத்திரம். மகனுக்கும் போன் பண்ணி, மாடி ரூமை வாடகைக்கு விட்டுக்கோன்னு சொல்லிட்டேன்!"

மறுநாள் பாட்லக்கில் யாரும் கேட்காமலே நான் ஆரம்பித்துவிட்டேன். "எங்க வீட்டுக்காரர் டெஸ்ட் இன்ஜினீயர்." சத்தமாக, தயிர்சாதம் பக்கம் நகராமல். டைரக்டர் மனைவிகூடக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கதை கேட்டாள். நமக்கு ஒரு வேலை எப்போது பெரிதாகத் தெரிகிறது? அதன் பலன் நமக்குத் தெரிந்த ஒருத்தர் கையில் போய்ச் சேரும்போதுதான் போலிருக்கிறது.

அன்று வீடு திரும்பும்போது, காரில், எனக்குச் சுரீரென்று ஒன்று உறைத்தது. பெண் பார்க்கும் அன்று சண்டை போட மாட்டார்கள் என்றாரே... எங்கள் வீட்டில் கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டுப் போனவர், ஒரு மணி நேரத்தில் குடைக்காகத் திரும்பி வந்தாரே! பட்டுப் புடவையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, பழைய தாவணியைச் செருகிக்கொண்டு, பாலில் தண்ணீர் கலந்த பால்காரரை நான் வாசலில் நின்று வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

"என்னங்க... அன்னிக்கு நெஜமாவே குடையை மறந்துட்டீங்களா?"

ரோட்டிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "அன்னிக்கு மழையும் இல்லை, வெயிலும் இல்லை. குடையை எதுக்குக் கொண்டு வந்தேன்னு நினைச்சே?"

அடப்பாவி மனுஷா! என்று கையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். ஆனால் உள்ளுக்குள் பெருமைதான், போங்கள். இவரிடம் பாஸாவது லேசுப்பட்ட காரியமா? சந்தேகமிருந்தால் அந்தப் பளபளா துப்பாக்கியைக் கேட்டுப் பாருங்கள்!