நடுவில் தள்ளிவிட்ட நட்சத்திரங்கள்

ஐந்து வருடமாக வானியல் ஆராய்ச்சி செய்கிறேன். தொலைநோக்கியை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. யாரோ எடுத்து வைத்த படங்களில் நட்சத்திரங்களைக் காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை கணினியில் எண்ணுவதுதான் வேலை.

என் ஆய்வு ஒரே ஒரு கோளக் கொத்தைப் பற்றியது. லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் பந்துபோல் திரண்டிருக்கும் கூட்டம் அது. எல்லாம் ஒரே வேளையில் பிறந்தவை என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். அப்படியில்லை. ஒரு சாராரிடம் சோடியமும் நைட்ரஜனும் தூக்கல். முதல் தலைமுறையில் சில நட்சத்திரங்கள் கக்கிய வாயுவிலிருந்து இவை பிறந்திருக்கலாம். கக்கியவை எவை என்பதில் இன்றுவரை அடிதடி. வாயு நடுவில்தான் போய்த் தேங்கும். ஆகவே இரண்டாம் தலைமுறை அங்கே அதிகம் இருக்க வேண்டும். என் கொத்தில் அப்படித்தான் இருந்தது. ஆய்வேடே அதன்மேல் நின்றது.

சமர்ப்பிக்க ஒரு வாரம் இருக்கையில், பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டில் கணக்கை மறுபடி ஓட்டினேன். நெரிசலான நடுப்பகுதியில் ஒன்றின் ஒளி மற்றதில் கலந்துவிடும். அதனால் நிறத்தையும் ஒளியையும் வைத்து வரையும் சராசரிக் கோட்டைவிட்டு விலகும் நட்சத்திரங்களைப் பிழை என்று தள்ளிவிடுவது எங்கள் வழக்கம். அந்தக் கோடோ எண்ணிக்கையில் அதிகமான இரண்டாம் தலைமுறையை ஒட்டியே ஓடியது. நடுவில் நான் தள்ளியவற்றில் பெரும்பாலானவை முதல் தலைமுறை. அவற்றைத் திரும்பச் சேர்த்ததும் இரண்டும் எங்கும் ஒரே மாதிரி கலந்து கிடந்தன. ஆய்வேடு தள்ளிப்போனால் கிடைத்திருந்த வேலையும் போய்விடும்.

நாலு நாள் வாயைத் திறக்கவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது என்று ஆய்வேடு சமர்ப்பிக்கும் படிவத்தைக்கூட நிரப்பினேன். அதில் கையெழுத்து வாங்க என் ஆய்வு நெறியாளரிடம் போனவள், ஏனோ புதுக் கணக்கின் வரைபடத்தையும் சேர்த்து நீட்டிவிட்டேன். கிள்ளானிலிருந்து ரயிலில் நின்றபடியே வந்த களைப்பில் இருந்தார் அவர்.

“டாக்டர், ஸ்டார்ஸ வெட்டுற ரூல்ல தப்பு இருக்கு.”

வரைபடத்தை வாங்கிப் பார்த்தார்.

“ரூல் என்னோடதும்மா. என் பேப்பரும் இதுலதான் நிக்குது லா.”

அவருக்குப் பெயர் வாங்கித் தந்த கட்டுரை அது. எனக்கு முதலில் வந்தது நிம்மதி. தப்பு என்னுடையது மட்டுமல்ல. வெட்கம் பிறகுதான் வந்தது.

“நீ சாப்டர மாத்தி எழுது. எக்ஸ்டென்ஷன் நான் கேக்கறேன். ஜர்னலுக்கு இப்பவே மெயில் போட்டுடறேன், மூடி வைக்கக் கூடாது.”

தட்டச்சு செய்யத் தொடங்கியவர் நிமிர்ந்தார்.

“கண்டுபிடிச்சது நீதான்னு எழுதறேன். என்னைக்குப் பார்த்த?”

“நேத்து,” என்றேன்.