பிள்ளைக் கூப்பன்

பூண்டுலோயா கடைவீதியில் ஹமீத் முதலாளியின் பலசரக்குக் கடைக்குப் பின்னால், முன்பு சாக்கு அடுக்கிவைத்த அறையில் அந்தோனியம்மா ஒன்பது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். அறைக்கு ஒரு சன்னல், ஓர் அடுப்பு. கூரை வளையில் மூன்று சேலைத் தொட்டில்கள் எப்போதும் தொங்கும்.

தேயிலைத் தோட்டத்திலேயே பிள்ளைகளை விட்டுப்போகப் பிள்ளைக் காம்பரா இருந்தது. அங்கே காசு கேட்பதில்லை. ஆனால் தோட்டத்து ஆள்பதிவான செக்ரோலில் பேர் இருக்கிற தாய்மாருக்குத்தான் அந்தக் கதவு திறக்கும். பேர் இல்லாதவர்கள் கடைவீதிக்குக் கீழே தகரக் குடில்களில் இருந்துகொண்டு, றாத்தலுக்கு இத்தனை சதமென்று கைக்காசுக்குக் கொழுந்து பறித்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள்தான் அந்தோனியம்மாவிடம் வந்தன. அவள் பேரும் ஒரு காலத்தில் செக்ரோலில் இருந்ததுதான். மலையில் வழுக்கி விழுந்து இடுப்பு பிசகிய வருசம் பேரை வெட்டினார்கள். புருசன் அதற்கு முன்னமே இறந்துவிட்டபடியால் தோட்டம் கொடுத்திருந்த லயத்து அறையும் கையைவிட்டுப் போனது.

வட்டவளையில் ரயில் பாதையில் வேலை செய்த அவள் தம்பி லோரன்ஸ், தன்னோடு வந்து இருக்கச் சொல்லி வருசத்துக்கு இரண்டு கடிதம் எழுதுவான். ஐம்பத்துமூன்றாம் வருசம் அவளும் மனதை உறுதிப்படுத்திக்கொண்டு, மார்கழியில் நத்தார்ப் பண்டிகை முடிந்ததும் வருகிறேன் என்று பதில் போட்டாள். இடுப்பு அவ்வளவு வலித்தது.

அந்த ஆடி மாதத்தில், அரசாங்கம் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்து அளந்த கூப்பன் அரிசி, ஒரு கொத்து அளவு இருபத்தைந்து சதத்திலிருந்து எழுபது சதமானது. கூப்பன் இல்லாமல் வாங்கினால் அதற்கும் மேலே. அந்தோனியம்மா பிள்ளைகளுக்குப் பொங்கியது கூப்பன் இல்லாமல் வாங்கிய அரிசி.

"ஏறின விலை எங்கட கையில இல்ல, அந்தோனியம்மா," என்றார் ஹமீத் முதலாளி, தராசிலிருந்து கண்ணை எடுக்காமல். "அறை வாடகைய நான் ஏத்தல்ல. அரிசிக்கு நான் என்ன செய்ய?"

ஒரு பிள்ளைக்கு மாதம் இரண்டு ரூபாய் வாங்கினாள். பத்து மணிக்குக் கஞ்சி, மத்தியானம் சோறு. மூன்று வாரம் கஞ்சியில் தண்ணீரைக் கூட்டிப் பார்த்தாள். நாலாவது வாரம் நாகலெட்சுமியின் மகள் வடிவு, மூன்று வயதுக்காரி, காலிக் கோப்பையை அவள் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டே நின்றாள். அழவில்லை. கோப்பையைக் கீழே வைக்கவுமில்லை.

மறுநாள் பின்னேரம் தாய்மார் பிள்ளைகளை எடுக்க வந்தபோது அந்தோனியம்மா சொல்லிவிட்டாள்.

"இனி மூன்றரை ரூவா ஆகும். எங்கிட்ட வேற வழி இல்ல."

ராசம்மாதான் வாயைத் திறந்தாள். "மூன்றரை ரூவாக்கி நாங்களே தொட்டில்ல படுத்துக்கிறோம் ஆயம்மா. நீங்க போய்க் கொழுந்து எடுத்துட்டு வாங்க."

இரண்டொருத்தி சிரித்தார்கள். அந்தோனியம்மா மூன்று நாளாக யோசித்து வைத்திருந்த அடுத்த பேச்சை எடுத்தாள். "முடியாதவங்க புள்ளயோட கூப்பன எங்கிட்ட குடுத்துருங்க. அந்த அரிசிய நானே எடுத்துப் பொங்கிப் போடுறேன். அப்பிடின்னா ரெண்டரை போதும்."

இது தாய்மாருக்குச் செய்கிற உதவி என்றுதான் அவள் நினைத்திருந்தாள். சிரிப்பு நின்றுபோனது. நாகலெட்சுமி வடிவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியேறினாள்.

அடுத்த நாள் ஐந்து பிள்ளைகள்தான் வந்தன. அதற்கடுத்த நாள் மூன்று. மூன்று பிள்ளைகளின் காசில் அறை வாடகையும் கட்டாது.

வியாழக்கிழமை, வந்த மூன்றையும் ஹமீத் முதலாளியின் மனைவி கமறியாவிடம் விட்டுவிட்டு, அந்தோனியம்மா கம்பை ஊன்றிக் குடில்களுக்கு இறங்கினாள். நாகலெட்சுமியின் கதவில் வெளியே பூட்டுத் தொங்கியது. பலகைச் சந்தில் ஒரு கண் தெரிந்தது.

"ஆயம்மா," என்றாள் வடிவு.

"உள்ள யாரு இருக்கா?"

"நான்."

"அடுப்பு எரியுதா?"

"அம்மா தண்ணி ஊத்திட்டுப் போச்சு."

சாவி மலையில், நாகலெட்சுமியின் முந்தானை முடிச்சில் இருந்தது. அந்தோனியம்மா கதவோரம் உட்கார்ந்தாள். மடியில் கொண்டுவந்திருந்த பணிஸ் ரொட்டியை விரல் கனத்துக்குப் பிய்த்துப் பிய்த்துச் சந்து வழியே உள்ளே தள்ளினாள். வடிவு ஒவ்வொன்றையும் தின்றுவிட்டு அடுத்ததற்கு விரலை நீட்டினாள். பணிஸ் தீர்ந்த பிறகும் விரல் வெளியே நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு அந்தோனியம்மா வெயில் இறங்கும் வரைக்கும் இருந்தாள்.

நாகலெட்சுமி கூடையோடு வந்து, கதவோரம் இருந்தவளைக் கண்டதும் நின்றாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பூட்டைத் திறந்தாள்.

"காலங்காத்தால பூட்டிட்டுப் போனா, நாள் முழுக்க எனக்கு இங்கதான் நெனப்பு. ஒரு றாத்தல்கூட ஒழுங்கா எடுக்க முடியல," என்றாள்.

"அப்ப ஏன் புள்ளயக் கொண்டாரல?"

"ரெண்டரை ரூவா எப்பிடியாச்சும் தருவேன். அரிசி போனாலும் பரவால்ல. கூப்பனத் தரமாட்டேன் அக்கா."

"நான் அதக் கொண்டுபோய் விக்கவா போறேன்?"

நாகலெட்சுமி கூரைச் சந்தில் செருகியிருந்த பவுடர் டின்னை எடுத்தாள். உள்ளே எண்ணெய்த் துணியில் சுற்றிய மூன்று கூப்பன் புத்தகங்கள். "எங்க பிரஜாவுரிமை மனுவத் தள்ளிட்டாங்க. இவளுக்குப் பொறந்த பதிவும் எடுக்கல. இவ இந்த ஊருதான்னு பேர் போட்ட கடுதாசி இது ஒன்னுதான். நாளைக்கு ஒருத்தன் வந்து எங்க காட்டுன்னு கேட்டா, ஆயம்மாகிட்ட இருக்குன்னா சொல்றது? நீங்க வட்டவளைக்குப் போகப் போறீங்கன்னு கடையில பேசிக்கிறாங்க. போயிட்டா?"

அந்தோனியம்மா கேட்டது அரிசி. அவர்கள் காதில் விழுந்தது வேறு. அவளும் தன் கூப்பனைச் செபமாலையோடு ஒரே பெட்டியில்தான் பூட்டி வைத்திருந்தாள். அதை யாராவது கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளா?

சனிக்கிழமை தாய்மார் ஒன்பது பேரையும் கூப்பிட்டு, அந்தப் பெட்டியைத் திறந்தாள். தன் கூப்பனை எடுத்து நாகலெட்சுமியின் கையில் வைத்தாள்.

"இது உங்கிட்ட இருக்கட்டும். என் அரிசிய வாராவாரம் நீயே எடுத்துக் கொண்டாந்து குடு. இது இல்லாம நான் எங்கயும் போய்க் குடியிருக்க முடியாது. உங்க புள்ளைக பேரு எங்கிட்ட இருக்கிற வரைக்கும் எம்பேரு உங்ககிட்ட இருக்கும்."

"ஒன்னு குடுத்து ஒம்பது வாங்குறாங்க," என்றாள் ராசம்மா. "ஆயம்மாவுக்குக் கட வச்சுக் குடுத்தா ஹமீத் மொதலாளி கடையப் பூட்ட வேண்டியதுதான்."

இந்த முறை அந்தோனியம்மாவும் சிரித்தாள். முதலில் கூப்பனை எடுத்து நீட்டியதும் ராசம்மாதான். நாகலெட்சுமி கடைசியாகக் கொடுத்தாள். கொடுக்குமுன் முதல் பக்கத்தைத் திறந்து, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவள், மகளின் பேர் இருக்குமிடத்தை விரலால் ஒருதரம் தொட்டாள்.

திங்கட்கிழமை ஒன்பது பிள்ளைகளும் வந்தார்கள். கஞ்சி பழையபடி கெட்டியாகவில்லை. ஆனால் கோப்பையை நீட்டுகிற பிள்ளைக்கு இன்னும் அரைக் கோப்பை ஊற்ற முடிந்தது.

நத்தார் முடிந்து மூன்றாம் நாள் லோரன்ஸ் தானே வந்துவிட்டான். பெட்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரம் பார்த்தான்.

"ஒன் கூப்பன எடுத்துக்கக்கா. வட்டவளைக் கடைக்கு மாத்தணும்."

"அது நாகலெட்சுமிகிட்ட இருக்கு."

"ஏன்? சரி, போய் வாங்கிட்டு வா."

"கேட்டாக் குடுத்துருவா," என்றாள் அந்தோனியம்மா. பெட்டியைத் திறந்து ஒன்பது புத்தகங்களையும் அவனுக்குக் காட்டினாள். "இதெல்லாத்தையும் திருப்பிக் குடுத்துட்டு வாங்கணும். குடுத்தா நாளைக்கு அங்க கதவப் பூட்டிட்டுத்தான் மலைக்கு ஏறுவாளுக."

"அதுக்கு நீ என்ன பண்ணுவ? ஆயுசுக்கும் இந்தச் சாக்கு ரூம்லயே கெடக்கப் போறியா?"

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெட்டியைப் பழைய மூலைக்குத் தள்ளினாள். "ஈஸ்டர் கழியட்டும்," என்றாள்.

லோரன்ஸ் பஸ் ஏறினான். அதன் பிறகும் சில வருசம் எழுதினான். ஒவ்வொரு கடிதத்துக்கும் அவள் ஒரு பெருநாளைச் சொல்லிப் பதில் போட்டாள். வடிவு பள்ளிக்கூடம் போனதும் அவள் கூப்பன் நாகலெட்சுமியின் டின்னுக்குத் திரும்பியது. அந்த இடத்துக்கு, வடிவுக்குப் பிறகு பிறந்த தம்பியின் கூப்பன் வந்தது. அந்தோனியம்மாவின் பெட்டியில் எண்ணிக்கை ஒன்பதுக்குக் கீழே இறங்கவேயில்லை. அவளுடையது மட்டும் எண்ணெய்த் துணிக்குள், இன்னொருத்தியின் கூரைச் சந்தில் இருந்தது.